நெடுந்தூர இலக்கும் துப்பாக்கித் தேர்வும்

துரோணர் தம் மாணாக்கருக்கு வைத்த சோதனையை அறியாதார் இலர். மரக்கிளையில் இருந்த பறவையைக் குறிவைக்கும்படி பணித்து, என்ன தெரிகின்றது என்று ஒவ்வொருவரையும் அவர் வினவினார். ஒருவனுக்கு மரம் தெரிந்தது. ஒருவனுக்குக் கிளை தெரிந்தது. அருச்சுனனுக்கோ பறவையின் கண் மட்டுமே தெரிந்தது. குறிபார்த்தலின் இலக்கணம் அதுவே என்று பன்னெடுங்காலமாகப் போற்றப்பட்டு வருகின்றது. ஆயினும், இலக்கானது ஆயிரம் யார், அதாவது 914 மீற்றர் தூரத்துக்கு அப்பால் நிறுத்தப்படும்பொழுது அவ்விலக்கணம் மட்டும் போதுவதில்லை. அங்கே கண்ணை மட்டுங் கண்டவன் தோற்றுப்போவான். தனக்கும் இலக்குக்கும் இடையே ஓடும் காற்றையும் அவன் காணவேண்டும்.

றைபிள் துப்பாக்கி கொண்டு நெடுந்தூர இலக்கைச் சுடுதல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒழுங்கான விளையாட்டாக நிலவி வருகின்றது. அதிற் புதிதாகப் புகும் ஒருவன் முதலிற் கேட்கும் வினா ஒன்றே. எந்தத் துப்பாக்கியை வாங்குவது? எந்தக் குழல்விட்டத்தைத் தெரிவது? தூரம் பெரிதானாற் குழலும் பெரிதாதல் வேண்டும், மருந்தும் மிகுதியாதல் வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். இவ்வெண்ணம் இயல்பானதே, ஆயினும் பிழையானது. இதனை நம்பியவன் பெரும் பணத்தை இழப்பதோடு, பயிற்சிக்குரிய சில ஆண்டுகளையும் வீணே இழப்பான். இப்பிழையை முதன்முதல் அளந்து காட்டியவர் யார், எவ்வாறு காட்டினார் என்பதை அறிந்துகொண்டால் இன்றைய தேர்வும் எளிதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியப் படையினர் ஏந்தியது 1853ஆம் ஆண்டு என்பீல்ட் துப்பாக்கி. அதன் குழல்விட்டம் 0.577 அங்குலம். குழலின் உட்சுவரில் வெட்டப்பட்டிருந்த சுருள் தவாளிப்புக்கள் 78 அங்குல நீளத்துக்கு ஒரு முறையே குண்டைச் சுழற்றின. இத்துப்பாக்கியைச் செம்மையாக்கும் வழியை ஆராயுமாறு மஞ்செஸ்டர் நகரப் பொறியியலாளரான யோசெப் விட்வேர்த்தை அரசாங்கம் வேண்டிக்கொண்டது. அவர் துப்பாக்கி செய்பவர் அல்லர். இயந்திரங்களை நுட்பமாக அளந்து செய்வதிற் புகழ்பெற்றவர். ஆகவே ஊகத்தை ஒதுக்கிவிட்டு அளவையில் இறங்கினார். காற்றின் குறுக்கீடு இல்லாமற் சோதிப்பதற்காகத் தமது இல்லத்தின் நிலத்தில் 500 யார் நீளமான மூடிய கூடம் ஒன்றையே கட்டுவித்தார்.

அவர் கண்ட முடிவு வியப்புக்குரியது. குண்டின் நிறையை அவர் கூட்டவில்லை; என்பீல்ட் குண்டைப் போலவே 530 கிரெயின் நிறையில் வைத்துக்கொண்டார். கிரெயின் என்பது துப்பாக்கிக் கலையில் வழங்கும் சிற்றளவு. ஓர் இறாத்தலுக்கு 7000 கிரெயின். மருந்தையும் அவர் கூட்டவில்லை. குழலின் விட்டத்தை 0.451 அங்குலமாகக் குறைத்தார்; குறைந்த விட்டத்துக்கு ஏற்பக் குண்டு ஒடுங்கி நீண்டது. அந்நீண்ட குண்டு தடுமாறாதிருக்க, 20 அங்குலத்துக்கு ஒரு முறை சுழலுமாறு முறுக்கை விரைவாக்கினார். 1857இல் இரு துப்பாக்கிகளும் ஒப்பிட்டுச் சுடப்பட்டன. 800 யார் தூரத்தில் என்பீல்ட் குண்டுகள் சராசரி நான்கு அடி விலகி விழுந்தன. விட்வேர்த்தின் குண்டுகள் ஓரடி அளவே விலகின. 1400 யாரில் என்பீல்ட் இலக்கைத் தொடவே இல்லை. விட்வேர்த்தின் துப்பாக்கியோ அத்தூரத்திலும் இலக்கைப் பற்றியது. அதே ஈயம், அதே மருந்து. குண்டின் உருவமும் முறுக்கும் மட்டுமே வேறு.

இதற்குக் காரணம் யாது? குழல்வாயை விட்டுப் புறப்பட்ட குண்டுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று புவியின் ஈர்ப்பு, மற்றையது காற்று. ஈர்ப்பு நேர்மையான பகை. நூறு யாருக்குச் சரிசெய்யப்பட்ட ஒரு துப்பாக்கியை மாற்றாமல் ஆயிரம் யாருக்குச் சுட்டாற் குண்டு முப்பது அடிக்கு மேல் தாழ்ந்து விழும். ஆயினும் இன்று தாழ்ந்த அளவே நாளையும் ஏறத்தாழத் தாழும். குறிகாட்டியை அவ்வளவுக்கு உயர்த்திவிட்டால் அக்கணக்கு முடிந்தது. காற்றோ வஞ்சகப் பகை. ஒரு கணம் இடப்பக்கமிருந்து வீசும், மறுகணம் ஓயும், சுடுவோன் அருகில் ஒரு திசையிலும் இலக்கின் அருகில் வேறொரு திசையிலும் வீசும். குண்டு இலக்கைச் சேர ஏறத்தாழ ஒன்றரை விநாடி செல்லும். அவ்வளவு நேரமும் அது காற்றின் கையில் இருக்கின்றது.

ஆகவே நெடுந்தூரத்துக்கு ஏற்ற குண்டு காற்றைக் கிழித்துச் சென்று, வேகத்தை இயன்றவரை இழக்காமல் இலக்கைச் சேரவேண்டும். ஒரே நிறையுள்ள இரு குண்டுகளிற் பருத்துக் குறுகியதைவிட ஒடுங்கி நீண்டதே இதைச் செய்யும். அகன்ற ஓடத்தைவிட ஒடுங்கிய வள்ளம் நீரை எளிதாகப் பிளப்பதை ஒத்தது இது. வளித்தடையை வெல்லும் இவ்வாற்றலைக் குண்டு செய்வோர் ஓர் எண்ணாற் குறிப்பர். அவ்வெண் உயர உயரக் குண்டு காற்றுக்குக் குறைவாகவே இடங்கொடுக்கும்.

ஆனால் நீண்ட குண்டு தானாக நேரே செல்லாது. அது பம்பரம் போன்றது. விரைந்து சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். சுழற்சி குறைந்தது தள்ளாடிச் சாயும். எவ்வளவு நீண்ட குண்டுக்கு எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதற்கு, கிறீன்ஹில் என்னும் கணித அறிஞர் 1879இல் எளிய சூத்திரம் ஒன்றை வகுத்தார். குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, மேலும் 150ஆற் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். 0.308 அங்குல விட்டமும் 1.2 அங்குல நீளமும் உடைய குண்டுக்கு விடை ஏறத்தாழ 12 அங்குலம். 0.264 அங்குல விட்டமும் 1.4 அங்குல நீளமும் உடைய குண்டுக்கு ஏழரை அங்குலம். இன்றும் குழல் வாங்குவோன் முதலிற் பார்க்கவேண்டிய கணக்கு இதுவே. நீண்ட குண்டை விரும்பி, மெல்லிய முறுக்குள்ள குழலை வாங்கியவன் எவ்வளவு பணம் செலவிட்டாலும் அக்குண்டு அவனுக்குப் பணிசெய்யாது.

விட்வேர்த்தின் துப்பாக்கியைப் படைக்கு ஏற்க அரசாங்கம் மறுத்துவிட்டது. விலை மிகுதி, ஒடுங்கிய குழலில் மருந்துக்கரி விரைவிற் படிந்தது. ஆனால் இலக்குச் சுடுவோர் அதனை வரவேற்றனர். 1860ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி விம்பிள்டனில் முதலாவது தேசியப் போட்டி தொடங்கியபொழுது விக்டோரியா மகாராணியார் முதற் குண்டைச் சுட்டது தாங்கியிற் பொருத்தப்பட்ட விட்வேர்த் துப்பாக்கியினாலேயே. 400 யாருக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத்துக்குள் அக்குண்டு பட்டது. அப்போட்டிகள் 1890 முதல் பிஸ்லி என்னுமிடத்தில் நடைபெற்று வருகின்றன.

இந்தப் பாடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதையும், துப்பாக்கித் தேர்வுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி 1874இல் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு அயர்லாந்து அணியினர் விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்றிருந்தனர். அவ்வணியின் தலைவர் லீச், நியூ யோர்க் பத்திரிகை ஒன்றின் வாயிலாக அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தார். அமெரிக்கரின் கிறீட்மோர் சுடுகளம் லோங் ஐலண்டில் 1873இலேதான் திறக்கப்பட்டிருந்தது. ஆயிரம் யார் தூரத்தைச் சுட்டுப் பழகியவர் அங்கு அரியர். இருந்தும் அழைப்பை ஏற்றனர்.

1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி இரு அணிகளும் கிறீட்மோரிற் சந்தித்தன. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 யார் ஆகிய மூன்று தூரங்களிலும் ஒவ்வொருவருக்கும் பதினைந்து குண்டுகள். நடுக்கண்ணில் பட்டால் நான்கு புள்ளி. அயர்லாந்தினர் டப்ளின் நகர றிக்பி செய்த, குழல்வாய் வழியே மருந்திடும் துப்பாக்கிகளைக் கொண்டிருந்தனர். றிக்பியே அவ்வணியில் ஒருவர். அமெரிக்கரோ பின்புறத்தால் தோட்டாவிடும் றெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளைக் கொண்டிருந்தனர். வாய்வழியா, பின்வழியா, எது சிறந்தது என்பதே அன்றைய பெரும் விவாதம். ஆனால் விவாதிக்கப்படாத ஒன்று உண்டு. இரு திறத்தாரின் குழல்விட்டமும் 0.44, 0.45 அங்குலம் என்னும் அளவிலேயே இருந்தது. இரு திறத்தாரும் 500 கிரெயினுக்கு மேற்பட்ட நீண்ட குண்டையே சுட்டனர். விட்வேர்த்தின் பாடத்தை அட்லாந்திக் சமுத்திரத்தின் இரு கரையினரும் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

800 யாரில் அமெரிக்கர் 326, அயர்லாந்தினர் 317. 900 யாரில் அயர்லாந்தினர் 312, அமெரிக்கர் 310. அந்த 900 யாரிலேதான் அயர்லாந்தின் மில்னர் ஒரு குண்டைச் செவ்வையாக நடுக்கண்ணிற் சேர்த்தார். ஆனால் அது அவருடைய இலக்கின் நடுக்கண் அன்று, வேறோர் இலக்கின் நடுக்கண். நான்கு புள்ளிகள் பெறவேண்டிய குண்டுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. 1000 யாரில் அயர்லாந்தினர் 302 எடுத்து முடித்தபொழுது அவர்களின் மொத்தம் 931. அமெரிக்கரின் மொத்தம் 930. போடைன் என்பவரிடம் ஒரேயொரு குண்டு எஞ்சியிருந்தது. சிறிது முன்னர் இஞ்சிப்பானப் போத்தல் ஒன்று உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவர் படுத்தார், சுட்டார், இரும்புத் தகட்டில் குண்டு பட்ட ஓசை கேட்டது, நடுக்கண்ணுக்குரிய வட்டு உயர்ந்தது. 934க்கு 931. மூன்று புள்ளிகளால் அமெரிக்கர் வென்றனர். மில்னர் இழந்தவை நான்கு. எந்தத் துப்பாக்கி சிறந்தது என்ற வினாவுக்கு அன்று விடை கிடைக்கவில்லை. ஏறத்தாழச் சமமான கருவிகளை ஏந்திய இரு அணிகளுள் வெற்றியைத் தீர்மானித்தது மனித கவனமே.

இன்று துப்பாக்கி தெரியும் ஒருவனுக்கு இவ்வரலாறு ஓர் ஒழுங்கைக் கற்பிக்கின்றது. முதலிற் போட்டியைத் தெரிக. அடுத்துக் குண்டைத் தெரிக. அதன்பின் குண்டுக்கேற்ற முறுக்கும் குழலும். துப்பாக்கி இறுதியில் வரட்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்வர். கடையிற் கண்ட அழகிய துப்பாக்கியை வாங்கிவிட்டு அதற்குப் போட்டி தேடுவர்.

போட்டியை முதலில் வைப்பது விதிகளின் பொருட்டு. தொலைநோக்குக் கண்ணாடி இன்றி, தோள்வாரைக் கையிற் சுற்றிப் படுத்துச் சுடும் பழைய மரபுப் போட்டிகளில் 0.308 வின்செஸ்டர் தோட்டாவே இன்றும் பெருவழக்கு. 155 கிரெயின் குண்டு அதற்குரியது. கனடாவிற் பிறந்த எப் வகுப்புப் போட்டியில் தாங்கியும் தொலைநோக்குக் கண்ணாடியும் கொள்ளலாம். அதன் ஒரு பிரிவு 0.223, 0.308 ஆகிய இரு தோட்டாக்களை மட்டுமே ஏற்கும். திறந்த பிரிவோ எட்டு மில்லிமீற்றர் விட்டம்வரை எதனையும் ஏற்கும். எப்பிரிவில் நிற்பது என்று துணியாமல் குழல்விட்டத்தைத் துணிவது வீண்.

அடுத்தது குண்டு. மணிக்குப் பத்து மைல் வேகத்திற் குறுக்காக வீசும் காற்று, 0.308 குண்டை ஆயிரம் யாரில் ஏறத்தாழ எட்டடி ஒதுக்கும். ஆறரை மில்லிமீற்றரில், அதாவது 0.264 அங்குல விட்டத்தில், 140 கிரெயின் குண்டை அதே காற்று ஆறடி அளவே ஒதுக்கும். ஏழு மில்லிமீற்றரில் 180 கிரெயின் நீண்ட குண்டை ஐந்தடி அளவே ஒதுக்கும். இவ்வளவுகள் குண்டுக்குக் குண்டு சிறிது வேறுபடும். ஆயினும் இவற்றின் பொருள் தெளிவானது. காற்றின் வேகத்தை மணிக்கு ஒரு மைல் பிழையாக மதித்தவன் 0.308 குண்டினால் ஏறத்தாழப் பத்து அங்குலம் தவறுவான். ஆறரை மில்லிமீற்றர்க் குண்டினால் ஏழு, எட்டு அங்குலமே தவறுவான். எப் வகுப்பில் ஆயிரம் யார் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் பத்து அங்குல விட்டமுடையது. நடுவிலிருந்து ஓரம்வரை ஐந்தே அங்குலம். வெற்றியும் தோல்வியும் அந்த வேறுபாட்டிலேயே உறைகின்றன. ஆறரை மில்லிமீற்றர்த் தோட்டா ஒன்று 2007இல் வெளிவந்தபொழுது அதற்குக் கிறீட்மோர் என்றே பெயரிட்டனர். பழைய களத்தின் பெயர் அவ்வாறு நிலைத்தது.

நிறை மட்டும் குண்டைச் சிறப்பிக்காது என்பதற்கு 0.308 விட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 168 கிரெயின் நிறையுள்ள புகழ்பெற்ற போட்டிக் குண்டு ஒன்று 300 மீற்றர்ச் சர்வதேசப் போட்டிக்கென வகுக்கப்பட்டது; அங்கே அது மிகச் செம்மையானது. ஆயிரம் யாரிலோ, ஒலியின் வேகத்துக்கு அருகே தளரும்பொழுது அதன் வால் அமைப்புக் காரணமாகத் தள்ளாடத் தொடங்கும். அதைவிட இலேசான 155 கிரெயின் குண்டு விரைவாகப் புறப்பட்டு நிலைபெயராமல் இலக்கைச் சேரும். ஆகையால் இலக்கைச் சேரும்வரை ஒலியிலும் விரைந்து செல்கின்றதா என்று ஒவ்வொரு குண்டையும் கேட்டறிதல் வேண்டும்.

பெருந்தோட்டாக்களின் கதை என்ன? 0.300 வின்செஸ்டர் மக்னம் எழுபது கிரெயின் அளவு மருந்தை எரிக்கும். ஆறரை மில்லிமீற்றர்க் கிறீட்மோரோ நாற்பதைச் சிறிதே கடக்கும். பெருந்தோட்டா நீண்ட, கனத்த குண்டை விரைந்து செலுத்தும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு இரண்டு விலைகள் உண்டு. முதலாவது பின்னுதைப்பு. நாள் முழுவதும் அறுபது, எழுபது குண்டு சுடுவோன் தோளில் ஒவ்வோர் உதைப்பும் பதியும். நாற்பதாவது குண்டில் அவன் அறியாமலே கண் சிமிட்டுவான், விரலைச் சுண்டுவான். கண் சிமிட்டியவனுக்குக் காற்றை வெல்லும் குண்டினாற் பயனில்லை. இரண்டாவது குழலின் ஆயுள். மிகுந்த மருந்தின் தீ ஒடுங்கிய குழலின் தொண்டையை அரிக்கும். 0.308 குழல் ஐயாயிரம் குண்டுகள்வரை செம்மை குன்றாமல் உழைப்பதுண்டு. ஆறரை மில்லிமீற்றர்க் குழல் இரண்டாயிரத்தைந்நூறு, மூவாயிரம் என்ற அளவில் தேயும். மக்னம் குழல்களோ ஆயிரம், ஆயிரத்தைந்நூறிலேயே தளர்வதுண்டு. கற்றுக்கொள்ளும் காலத்திலேயே குழல் தேய்ந்துவிடுமானால் கற்றது யாருக்கு உதவும்?

ஆகவே பயில்வோனுக்கு 0.308 இன்றும் சிறந்த ஆசான். அதன் தோட்டா எங்குங் கிடைக்கும்; குழல் நீண்டநாள் உழைக்கும்; காற்றிற் செய்த பிழையை அது மறைக்காமற் காட்டும். விதிகள் இடந்தரும் போட்டியில் வெற்றியையே நாடுவோனுக்கு ஆறரை அல்லது ஏழு மில்லிமீற்றர் ஏற்றது. மக்னம் இவ்விரண்டையுங் கடந்தபின் எண்ணத்தக்கது.

இனித் துப்பாக்கியின் உடலைப் பற்றிச் சில சொற்கள் போதும். குழல் கனமாக இருத்தல் நன்று; கனத்த குழல் மெல்லச் சூடேறும், குறைவாக அதிரும். குழல் மரத்தையோ உலோகத்தையோ உராயாமல் விலகி நிற்கவேண்டும். துப்பாக்கியின் உடல் தன் படுக்கையில் அசையாது அமரவேண்டும். விசை இலேசாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவிலும் விடுபடவேண்டும். குறிகாட்டியைத் திருப்பியபொழுது சொன்ன அளவே நகர்ந்து, திருப்பி வைத்தபொழுது பழைய இடத்துக்கே மீளவேண்டும். கையில் உள்ள பணம் குறைவானால் அலங்காரத்தைக் குறைத்துக் குழலுக்கும் குறிகாட்டிக்கும் செலவிடுவதே அறிவுடைமை. அதன்பின் எஞ்சியதைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் வைத்தல் வேண்டும். உரிமப் பத்திரமும், அங்கீகாரம் பெற்ற சுடுகளமும், கள அதிகாரியின் மேற்பார்வையும் இன்றி இவ்விளையாட்டு இல்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

தேர்ந்த துப்பாக்கி கையில் வந்தபின்னரே உண்மையான கல்வி தொடங்குகின்றது. களத்தின் நெடுகிலும் கட்டிய கொடிகள் எவ்வாறு பறக்கின்றன, வெயிலிற் கானல் எத்திசையில் ஓடுகின்றது, முந்திய குண்டு எங்கே பட்டது என்பவற்றை ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதிவைப்பவன் ஓராண்டில் அடையும் தேர்ச்சியை, ஆண்டுக்கொரு துப்பாக்கி மாற்றுபவன் பத்தாண்டிலும் அடையான். சுடுமுன் இலக்கத்தின் எண்ணையும் அவன் ஒருமுறை வாசித்தல் வேண்டும். கிறீட்மோரில் மில்னரின் துப்பாக்கியிற் குறையில்லை, குறியிலும் குறையில்லை. பறவையின் கண்ணை அவர் மிகத் தெளிவாகவே கண்டார். அது எந்தப் பறவை என்று ஒரு கணம் நோக்கியிருந்தால், அந்நாளின் வெற்றி ஓர் புள்ளி வேறுபாட்டில் அயர்லாந்துக்கே சென்றிருக்கும்.